குடும்பத்தில் ஒருவர்

மின்விசிறியின் சத்தம் நின்றது.

அண்ணாந்து பார்த்தார். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

சட்டைப் பையிலிருந்து காது மெஷினை எடுத்தார். உள்ளே பென்சில் பேட்டரி. காலையில்தான் முழுசாகச் சார்ஜ் ஏற்றினார். ஒருநாள் முழுக்கத் தாங்கும் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சோறு வடிக்கும்வரைகூடத் தாங்கவில்லை.

மூட்டை மூட்டையாகப் பொய். அதுவும் கடல் தாண்டி வந்த பொய்.

முக்குக் கடையில் வாங்கியிருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாம். இந்த இணையக் கடைக்காரனை எங்கே போய்த் தேடுவது?

போனில் புகார் எழுதினார். பதில் உடனே வந்தது, ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்துப் போட்ட தமிழில்.

“அன்பான நண்பரே, பேட்டரி தீர்வதை வீடியோ எடுத்து அனுப்புங்கள்.”

மறுநாள் மெஷினை மேஜையில் வைத்து எடுத்து அனுப்பினார்.

“அன்பான நண்பரே, இதில் எதுவும் தெரியவில்லை. மெஷினை அணியுங்கள். குடும்பத்தில் ஒருவரை அருகில் பேச வையுங்கள். தீர்ந்த பிறகு நீங்கள் பதில் சொல்லாமல் இருப்பது தெரிய வேண்டும். புதியது அனுப்புவோம்.”

குடும்பத்தில் ஒருவர்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்த்ததற்கு அவருக்கே சிரிப்பு வந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் குவைத்தில். பால்காரர்கூடக் கதவில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

எதிர்வீட்டில் அற்புதமேரி இருந்தாள். மாடிப்படியில் அவள் ஏதாவது கேட்பாள். இவர் காதில் விழாமல் கடந்து போய்விடுவார். மண்டைக்கனம் பிடித்த மனுஷன் என்றுதான் நினைத்திருப்பாள்.

அவள் கதவைத் தட்டுவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

“கொஞ்ச நேரம் எங்கூட பேசணும்மா. பேட்டரிக்காக.”

விவரத்தைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இம்புட்டுதானா? நான் பேச ஆரம்பிச்சா பேட்டரி என்ன, ஊருக்கே கரண்டு தீந்துரும் சார்.”

முறம் நிறைய முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தாள். அவர் வீடியோவை ஓடவிட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார்.

கீரையை உருவிக்கொண்டே பேசினாள். தண்ணீர் லாரி வராத கதை. கீழ்வீட்டு நாய் அவள் செருப்பைக் கடித்த கதை. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அந்த வீட்டில் பேச்சுக்கு மறுபேச்சு விழுந்து எத்தனை காலமாயிற்று.

அடுத்து நாத்தனார் கல்யாணக் கதை. பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். ரசம் தீர்ந்துபோயிற்று.

அத்தோடு சத்தமும் நின்றது.

அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. கண்ணை உருட்டி யாரையோ நடித்துக் காட்டினாள்.

இப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பேசாமல் இருக்க வேண்டும். போன் பார்த்துக்கொள்ளும். புது பேட்டரி வந்துவிடும்.

வேலை முடிந்ததென்று அவளும் எழுந்து போய்விடுவாள்.

முறத்தில் பாதிக் கீரை இன்னும் உருவாமல் கிடந்தது.

அவள் ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

“அடடா! அப்புறம்?” என்றார்.