ஒன்மோர் அக்கா

"கட்! ஃபோகஸ் போச்சு. ஒன் மோர்!"

கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்ததும் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

"எனக்குப் பளிச்சுன்னுதானே தெரியுது?" என்றார் டைரக்டர், மானிட்டரை உற்றுப் பார்த்து.

"அந்தச் சின்ன மானிட்டர்ல தெரியாது சார். எனக்குத் தெரியும்."

"இந்த அக்காவோட பெரிய ரோதனையாப் போச்சுப்பா," என்று லைட்மேன் முணுமுணுத்தார்.

யூனிட்டில் இந்தக் கேமராக்காரிக்கு 'ஒன்மோர் அக்கா' என்று பெயர் விழுந்து ஆறு மாசமாகிறது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு காலத்தில் மகா கெட்டிக்காரி. பெண்கள் கேமரா பக்கம் எட்டிப் பார்க்காத நாளிலேயே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர். சினிமாவில் பத்து வருஷம், டிவியில் பன்னிரண்டு. இப்போது கண் மக்கர் பண்ணுகிறது போல. வயசானால் யாருக்குத்தான் பண்ணாது? ஆனால் தினசரி சீரியலுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாதே!

சீரியலில் அம்மாவாக நடிப்பவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். யூனிட்டே அவரை அம்மா என்றுதான் கூப்பிடும்.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு சுத்தமா அவிஞ்சு போச்சு மேனேஜர். நான் உயிரைக் கொடுத்து அழுதுக்கிட்டு வர்றேன், நட்ட நடுவுல கட்டுங்கிறா. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். முதலாளிகிட்டயும் சொல்லியாச்சு."

சொன்ன கையோடு முதலாளியின் போனும் வந்தது.

"வசனம் மறக்கிறாருன்னு அந்தப் பெரியப்பா வேஷக்காரரை அனுப்பி எட்டு மாசம்கூட ஆகல. இப்ப கேமராவுக்கும் கேடா? மதியத்துலேர்ந்து வேற ஆளைப் போடு."

பெரியப்பாவை மேனேஜர் மறக்கவில்லை. பேசுவதை அங்கேயே பதிவு செய்கிற சீரியல் இது. பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்க வழியில்லை. மனுஷன் மூன்று நாள் திணறினார். நாலாம் நாள் கதையில் ஒரு லாரியை விட்டு ஏற்றி, ஹாலில் போட்டோவாக மாட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அவரை எந்த சீரியலிலும் கூப்பிடவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் மேக்கப் ரூமுக்குப் போனார். அக்கா தனியாக உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க…"

"புது ஆள் எப்ப வர்றார்?"

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வந்துட்டார்க்கா. செட்டுலதான் நிக்கிறார்."

"ம்." அக்கா லென்ஸை மூடினார். அலுத்துப்போன முகம்.

"கண் டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"போன வாரம் காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"என்னத்தைச் சொல்றது போங்க," என்று அக்கா லேசாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு உதவி பண்ணுங்க. கண்ணு தெரியலைன்னு அனுப்பினோம்னு வெளியில சொல்லிடாதீங்க. கேமராக்காரிக்கு அந்தப் பேர் வந்துட்டா, அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

புது ஆள் தேடும்போதே நாலு கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது. மேனேஜர் தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

"புது ஆள்கிட்ட அஞ்சு நிமிஷம் தனியாப் பேசிட்டுக் கிளம்பிடறேன்."

மேனேஜர் சரி என்று அனுப்பி வைத்தார். போகிற போக்கில் எதையாவது கொளுத்திப் போட்டுவிட்டுப் போனால்? அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலும் முதலாளி தன்னைத்தான் பிடித்துக்கொள்வார். மெல்லப் பின்னாலேயே போய், ஹால் செட்டின் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"சாரிக்கா," என்றார் புது கேமராமேன். "உங்க இடத்துக்கு வர்றேன்னு எனக்கே தெரியாது."

"அட, அதை விடுங்க தம்பி. லைட் எல்லாம் அப்படியே இருக்கட்டும், மாத்தாதீங்க. ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

'ஆரம்பிச்சுட்டாங்கய்யா' என்று நினைத்தார் மேனேஜர்.

"அம்மா பேசும்போது அவங்க விரல் மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும். மோதிரத்தைத் திருக ஆரம்பிச்சாங்கன்னா…"

"ஆரம்பிச்சாங்கன்னா?"

"அடுத்த வரி மறந்துபோச்சுன்னு அர்த்தம். பெரியப்பா மாதிரி இவங்களும் சுவர்ல போட்டோவாத் தொங்கிடக் கூடாதுல்ல? உங்க பேர் கொஞ்சம் கெடும், பரவாயில்ல. அவங்க திணறுறது மத்தவங்க கண்ணுல படறதுக்குள்ள, 'ஃபோகஸ் போச்சு'ன்னு நீங்க கத்திடுங்க."