மாலை போட்ட படம்

ரெட்டியபட்டிப் பருத்திக் காட்டில் வெயில் கண்ணைக் குத்துகிறது. மடி நிறையப் பருத்தியோடு நிற்கும் நாகஜோதியின் கையில் போன் ஓயாமல் அதிர்கிறது. கல்லூரி வாட்ஸப் குரூப்பில் யாரோ அவள் படத்துக்கு மாலை போட்டு, ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் செய்திருக்கிறார்கள். அதன் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள், ஒரு சங்கு, ‘எத்தன மணிக்கு எடுக்குறாக?’ என்று ஒருத்தியின் கேள்வி. எட்டிப் பார்த்த அம்மா ஈஸ்வரி போனைப் பிடுங்குகிறாள். “உசுரோட நிக்கிற பிள்ளைக்கா மால போட்டாய்ங்க!” பருத்தி ஓடு கீறிய கட்டைவிரலில் எச்சில் தொட்டு, திரையில் மகளின் கழுத்திலிருந்து அந்த மாலையை அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். “தொடாதம்மா!” என்று நாகஜோதி கத்துவதற்குள், படத்தின் கீழே அவள் பெயரிலேயே ஒரு சிவப்பு இதயம் போய் உட்கார்ந்துகொள்கிறது. போன் மறுபடி அதிர்கிறது, மஞ்சள் மூஞ்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அம்மா இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.