முதல் நாற்காலி

பவுல்ராஜ் தேங்காய் நாரை வைத்து வலது காலை ஐந்தாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீலகிரியின் கட்டபெட்டுக் குளிரில் அந்தத் தண்ணீரைத் தொடவே பயப்பட வேண்டும். அவரோ குதிகால் வெடிப்பில் ஒட்டியிருந்த தேயிலைக் காட்டு மண்ணை ஊசியால் நோண்டாத குறையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சாயங்காலம் கோயில்ல சாமியார் கழுவி உடத்தானே போறாரு? நீங்களே கழுவிட்டா அவருக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் மனைவி பியாட்ரிஸ்.

"கழுவிட்டு முத்தம் பண்ணோணுமில்ல? பன்னெண்டு பேர்ல மொத நாற்காலி எனக்கு. சும்மா குடுத்துருவாங்களா?"

பியாட்ரிஸ் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். வழக்கமாக வயதில் மூத்தவர்களை உட்கார வைப்பார்கள். இந்த வருடம் புதிதாக வந்த பங்குச் சாமியார் தானே ஒரு பட்டியல் போட்டு ஒட்டிவிட்டார். அதில் முதல் பெயர் பவுல்ராஜ்.

பவுல்ராஜுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எஸ்டேட் சூப்பர்வைசர், கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர். ஐந்து நிமிடம் பிந்தி வரும் பெண்ணுக்கு அரை நாள் கூலியை வெட்டினால்கூட, அவளுடைய ஆத்தும நன்மைக்காக வெட்டுகிறவர்.

அவரை உறுத்தியது பட்டியலின் கடைசிப் பெயர். லாரி டிரைவர் தனசிங். நாலு வருடத்துக்கு முன் திருவிழாவில் குடித்துவிட்டுச் சப்பரம் தூக்கி, தடுமாறி, செபஸ்தியார் சுரூபத்தின் கையை உடைத்தவன். அன்றோடு குடியை விட்டுவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். மறுபடி சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வேண்டுமென்று வருடா வருடம் வந்து கெஞ்சுவான். இவர் வருடா வருடம் "பாக்கலாம்" என்பார்.

தவக்காலம் தொடங்கியபோது சாமியார் கோயில் வாசலில் ஒரு பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். "உங்களால மன்னிக்கவே முடியாத ஒருத்தர் பேரை எழுதிப் போடுங்க. உங்க பேரு வேண்டாம். அவங்களுக்குச் செய்ய வேண்டியதை நான் செய்யறேன்" என்றார். பவுல்ராஜ் தனசிங்கின் பெயரை எழுதி, அடிக்கோடும் போட்டு உள்ளே தள்ளினார். சாமியார் அவனைக் கூப்பிட்டு நாலு திட்டுத் திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலி போட்டல்லவா உட்கார வைக்கிறார்!

சாயங்காலம் கோயிலுக்குள் நுழைந்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலிகளை லாடம் மாதிரி வளைத்துப் போட்டிருந்ததால் முதல் நாற்காலிக்கு நேர் எதிரே கடைசி நாற்காலி இருந்தது. நல்லவனையும் கெட்டவனையும் சனங்கள் ஒரே பார்வையில் பார்க்கட்டும் என்று சாமியார் திட்டம் போட்டிருக்கிறார்.

நடுவில் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பொதுக் குழாயைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டவர், மாமனாரை வெளியே தள்ளியவர், வாயைத் திறந்தால் சண்டைக்கு வருகிறவர். இத்தனை பேருக்கு மத்தியில் ஒரு யோக்கியனாவது வேண்டாமா? அதற்குத்தான் தன்னைப் போட்டிருக்கிறார் என்று பவுல்ராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாமியார் முதலில் அவர் முன்தான் மண்டியிட்டார். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். கொழுந்து பறிக்கும் பெண்கள் இருந்த பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்தியில் அழுகிறார்கள் என்று பவுல்ராஜ் எடுத்துக்கொண்டார்.

கடைசியாகத் தனசிங்கின் முறை. காலை நீட்டவே கூசினான். நகம் கறுத்து, வண்டி ஆயில் ஏறிப்போன கால். சாமியார் அதையும் முத்தமிட்டபோது அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஒருவனை நாலு வருடம் கெஞ்ச வைத்தது அதிகம்தான் என்று பவுல்ராஜுக்கு முதல் முறையாகத் தோன்றியது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

பூசை முடிந்ததும் நேரே போய் அவன் கையைப் பிடித்தார். "தனசிங்கு, வர்ற திருவிழால சப்பரத்துக்கு முன்தோளு நீதான் குடுக்கோணும். நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

தனசிங் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நானும் உங்களை மன்னிச்சுட்டேனுங்க."

பாவம், சந்தோஷத்தில் என்ன பேசுகிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. பவுல்ராஜ் அதையும் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

மன்னித்த சூடு ஆறாமல், உள்ளே நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சகாயத்திடம் போனார். "ஏனுங்க சகாயம், தனசிங்கைப் போய்க் கடைசில உக்கார வெச்சுட்டீங்களே? திருந்துன மனுசன். அடுத்த வருசம் கொஞ்சம் முன்னாடி போடுங்க."

சகாயம் திருதிருவென்று விழித்தார். "வேண்டாமுங்க. அவரு கடைசிலயே இருக்கட்டுமுங்க."

"அட, ஏனுங்க?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காருங்க."

"எங்கிட்டக்கூடவா?"

சகாயம் ஒரு நாற்காலியை மடக்கினார். இன்னொன்றையும் மடக்கினார். பவுல்ராஜ் நகருவதாக இல்லை.

"பிஸ்கட் டின்னுல தனசிங் பேருக்கு ஒரே ஒரு சீட்டுத்தானுங்க விழுந்துச்சு, அடிக்கோடு போட்டு. சீட்டு ஜாஸ்தி விழுந்தவங்களுக்குத்தானுங்க மொத நாற்காலி."