பறிபோன இடம்

"தப்புப் பண்ணினவன் ஒருத்தன். அவன் ஜெயில்ல இருக்கான். என் பையன் என்ன பண்ணினான், வெர்ன்?"

மேவிஸ் ஹோலுப் காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெர்ன் அதைத் தொடவில்லை.

முப்பத்தொரு வருடமாக மேசன்ஸ் பேஸ்பால் அணிக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேடி நெப்ராஸ்காவின் சின்ன ஊர்களில் கார் ஓட்டுபவர் அவர். இந்தச் சமையலறைக்கு வந்து போவது மூன்று வருடப் பழக்கம்.

மேஜை மேலிருந்த லேப்டாப்பில் ஜூன் மாதத் தேர்வு ஓடிக்கொண்டிருந்தது. அணிகள் வரிசைப்படி, தாங்கள் எடுத்துக்கொள்ளும் புதியவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது அறுபத்தெட்டாவது பெயர்.

எழுபத்தைந்தாவதாகப் பெயர் சொல்லும் இடம் மேசன்ஸுடையதாக இருந்தது. அதில் மேவிஸின் மகன் டாரினை எடுப்பது என்று போன வருடமே வெர்ன் மேலிடத்தில் பேசி முடித்திருந்தார். டாரின் இடது கைப் பந்துவீச்சாளன். முழங்கையில் ஆபரேஷன் ஆனதும் மற்ற அணிகள் அவனை மறந்துவிட்டன. வெர்ன் மட்டும் விடவில்லை. இந்த வசந்தத்தில் அவன் கல்லூரிக்கு ஆடிய பதினொரு ஆட்டங்களையும், காலியான பெஞ்சுகளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்துக் குறிப்பெடுத்தார். அந்தக் கை முன்பைவிட நன்றாகிவிட்டது என்று தெரிந்தவர்கள் அவரும் அவருடைய அணியும்தான்.

ஜனவரியில் எல்லாம் கெட்டது. மேசன்ஸ் அலுவலகத்தில் ஒருவன், போட்டி அணியான ஹெரன்ஸின் கம்ப்யூட்டருக்குள் பழைய பாஸ்வேர்டு ஒன்றை வைத்து நுழைந்து, ஆட்டக்காரர்களைப் பற்றி அவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் ஒரு வருடம் படித்திருக்கிறான். கோர்ட் அவனைச் சிறைக்கு அனுப்பியது. போட்டிகளை நடத்தும் லீக் அவனுக்கு ஆயுள் தடை விதித்தது. அதோடு நிற்காமல், எழுபத்தைந்தாவது உட்பட மேசன்ஸின் முதல் இரண்டு இடங்களையும் பிடுங்கி ஹெரன்ஸிடம் கொடுத்தது.

மிச்சமிருக்கிற இடங்களை ஆபரேஷன் ஆன ஒரு கையை நம்பி வீணாக்க முடியாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதைச் சொல்லத்தான் வெர்ன் வந்திருந்தார். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லியும் விட்டார்.

டாரின் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றான். இருபத்திரண்டு வயது. இன்று யாரும் எடுக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவோடு கூரை போடும் வேலைக்குப் போவதாகப் பேச்சு. கூரை வேலையும் வெயிலில் நிற்கிற வேலைதான், பழகிய ஒன்றுதான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா?" என்றான்.

வெர்ன் திரையைப் பார்த்தார். லேப்டாப்பில் இரண்டு பெயர்கள் கடந்து போயின.

"நியாயம்தான்."

மேவிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு ஆள் வருஷம் பூரா ரோட்டுல கிடந்து, குளிர்ல உக்காந்து பார்த்து எழுதுறான். அது அவனோட கண்ணு, மேவிஸ். அவன் கண்ணுக்கு அவன் அணிதான் சம்பளம் குடுக்குது. அதை அடுத்த அணிக்குக் கொண்டுபோனா, எடுத்தவன் இனிமே மைதானத்துப் பக்கமே வரக் கூடாது. ஆயுசுக்கும். அதுல நான் தப்பே சொல்ல மாட்டேன்."

"அவனுக்குச் சரி. இவனுக்கு?"

காபியில் ஆடை படிந்திருந்தது. மேவிஸ் அதை எடுத்துக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள். முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது, தூங்குகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை என்றார். டாரின் லேப்டாப்பை மூடிவிடலாமா என்று கேட்டபோது, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று கையால் தடுத்தார்.

எழுபத்தைந்து வந்தது. மேசன்ஸ் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஹெரன்ஸின் சின்னமான கொக்குப் படம் தோன்றியது. அறிவிப்பாளர் ஒரு காகிதத்தைப் பார்த்து, பழக்கமில்லாத பெயரைக் கொஞ்சம் தடுமாறிப் படித்தார்.

டாரின் ஹோலுப்.

மேவிஸ் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டாரின் அப்படியே ஃபிரிட்ஜில் சரிந்து தரையில் உட்கார்ந்தான். "உங்க இடம், சார். உங்ககிட்டருந்து பிடுங்கின அதே இடம்" என்றான். அப்போது அவன் போன் அடித்தது. ஹெரன்ஸ்தான். எழுந்து அடுத்த அறைக்கு ஓடினான்.

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அணியிலிருந்து ஒரு ஆள்கூட இந்தப் பக்கம் வந்ததில்லையே வெர்ன். இவன் கை சரியானது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்கேயும் படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர் கோட்டை எடுத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். தூரம் போக வேண்டும் என்றார். அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே வந்தார்.

கார் கதவைத் திறப்பதற்குள் அவருடைய போனும் அடித்தது. மேசன்ஸின் மேலாளர் ஃபிலிப். குரலில் பதற்றம். டாரினின் கையைப் பற்றி நமக்கு மட்டும்தானே தெரியும், இந்த முறை அவர்கள் நம் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டார்கள் போலிருக்கிறது, சோதிக்க ஆட்களை வரவழைத்திருக்கிறேன், லீக்கிலும் புகார் கொடுக்கப் போகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னார்.

வெர்ன் முழுவதையும் கேட்டு முடித்தார். வீட்டுக்குள்ளிருந்து டாரினின் சிரிப்பு கேட்டது.

"கம்ப்யூட்டர் ஆளுங்களைத் திருப்பி அனுப்பிடுங்க, ஃபிலிப். யாரும் உள்ள நுழையல. பதினொரு ஆட்டத்தோட குறிப்பையும் போன செவ்வாய்க்கிழமை நான்தான் கையெழுத்துப் போட்டு அவங்களுக்குத் தபால்ல அனுப்பினேன்."