பதில் போன இடம்

நாலு நாளாக மேட்ரன் பதிலே போடவில்லை என்று நர்ஸ் அழுததைப் பார்த்ததும் புரோகிராமருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் லீவெல்லாம் சாட் ஆப்பில்தான். நேரில் போய்த் தலையைச் சொறியக் கூடாது. மேட்ரன் போனுக்கு மெசேஜ் போகும். அடியிலேயே 'சம்மதம்', 'முடியாது' என்று ரெண்டு பட்டன். அழுத்தினால் கேட்டவருக்கு உடனே பதில். அந்த ஆப்பைச் செய்தவள் இந்தப் புரோகிராமர்தான். பெருமை தாங்கவில்லை.

முதல் ஆளாகக் கேட்டதே இந்த நர்ஸ்தான். வெளியூரில் அவள் மகளுக்கு நாளைக் காலை இதய ஆபரேஷன். அம்மா வந்தால்தான் உள்ளே போவேன் என்கிறதாம் குழந்தை. தினம் ஒரு தடவை கேட்டும் மேட்ரன் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு விரலை அசைக்கக்கூடவா மனசு வரலை? இருங்கக்கா, நான் கேட்கறேன்" என்று கிளம்பினாள் புரோகிராமர்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நிற்பதைக்கூடப் பார்க்காமல், வார்டு நடுவில் மேட்ரனைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சில் ஈரமே இல்லையா என்று வாய்க்கு வந்தபடி கேட்டாள்.

மேட்ரன் போனை எடுத்துப் பார்த்தார். பெரிய டாக்டரைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"தப்புதான். அவளை இப்பவே கிளம்பச் சொல்லுங்க. அவ டியூட்டியை நான் பார்த்துக்கறேன்."

பெரிய டாக்டர் அத்தனை பேர் முன்னாலும் மேட்ரனைக் கண்டித்துவிட்டுப் போனார். நர்ஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். புரோகிராமர் ஜெயித்த மிதப்பில் தன் மேஜைக்கு வந்தாள்.

போன வாரம் சோதனைக்காக லேப்டாப்பில் ஓடவிட்ட சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கப் போனவளுக்குத் திரையில் நாலு வரி தெரிந்தது.

மேட்ரன்: சம்மதம். மேட்ரன்: சம்மதம். நாலு நாளும், நர்ஸ் கேட்ட மறு நிமிஷமே.

சோதனை முடிந்ததும், பட்டனை அழுத்தினால் பதில் போகிற முகவரியை ஆஸ்பத்திரி சர்வருக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றவே இல்லை. பதிலெல்லாம் இவள் லேப்டாப்பில் வந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஆப்தான் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்துகிறது என்று நினைத்து மேட்ரனும் தினமும் அழுத்தியிருப்பார்.

மேட்ரன் அறைக்கு ஓடினாள். அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு திட்டோட போச்சும்மா," என்றார் மேட்ரன். "பெரிய டாக்டர் முன்னாடி, போன்ல நான் அழுத்தின சம்மதத்தைக் காட்டியிருந்தா உனக்கு வேலை போயிருக்கும்."