பலகைக்கு மாட்டிய கோணி

“மாட்டிக்கிட்டாரு! அவரேதான்! டேய் வெண்டல், தெரியுதாடா?”

பிக்கப் வண்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கிசுகிசுத்தாள் ட்ரூடி ஹாஸ்கின்ஸ். கையிலிருந்த காபி மடியில் சிந்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்கு உன் தலைதான் தெரியுது. கொஞ்சம் நகருக்கா,” என்றான் அவள் தம்பி.

அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. சோளக்காட்டை ஒட்டிய சாலையோரத்தில், கம்பத்தின் மேல் புத்தம்புதிய இரும்பு நினைவுப் பலகை. அதன் எதிரே கிழவர் எமரி ஹோல்கம். அவர் தோளில் மாட்டுத்தீவனக் கோணி ஒன்று.

அந்தப் பலகைக்காக ட்ரூடி ஆறு வருடம் ஏறாத படி இல்லை. அறுபது வருடத்துக்கு முன்னால் ஓடை உடைத்துக்கொண்டு வந்த ராத்திரியில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சை விட்டு நகராமல் வீடு வீடாக மணி அடித்து எழுப்பியவள் அவளுடைய அத்தை ஓபல். முதல் வரியிலேயே ஓபலின் பெயர். கீழே, வெள்ளம் கொண்டுபோன ஒன்பது பேரின் பெயர்கள். ‘பேர் இல்லாம என்னங்க சரித்திரம்?’ என்று மாவட்டக் கமிட்டியில் மேஜையைத் தட்டி அவற்றைச் சேர்க்க வைத்தவளும் ட்ரூடிதான்.

நட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் பலகையைப் பார்க்காமல் போன எத்தனை கார்களைக் கைகாட்டி நிறுத்தி, ‘படிச்சிட்டுப் போங்க’ என்று இறக்கியிருக்கிறாள்! இன்று பதினோரு மணிக்குத் திறப்பு விழா. தலைநகரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். பள்ளிக்கூட பேண்டு உண்டு. மாதா கோயில் பெண்கள் பன்றிக்கறி வைத்த ரொட்டி கூடை கூடையாகச் செய்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் இந்தக் கோணிக் கூத்து. தினமும் காலையில் பலகைமேல் யாரோ கோணியை மாட்டுகிறார்கள் என்று பேப்பர் போடுகிற பெண் சொன்னாள். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கோணியும் இருக்காது, ஒன்றும் இருக்காது. ‘ட்ரூடிக்குக் கனவிலயும் பலகைதான்’ என்று ஊரே சிரித்தது.

இப்போது சிரிக்கட்டும் பார்ப்போம்!

எமரி கோணியைப் பலகையின் தலையில் கவிழ்த்தாரோ இல்லையோ, ட்ரூடி வண்டியிலிருந்து குதித்தே விட்டாள்.

“மிஸ்டர் ஹோல்கம்! கையும் களவுமா பிடிச்சேன் பாருங்க!”

கிழவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “மெதுவாப் பேசும்மா...”

“ஏன் மெதுவாப் பேசணும்? ஊருக்கே கேக்கட்டும்! வேலித் தகராறெல்லாம் எங்கப்பாவோட போச்சுன்னு நெனச்சேன். செத்துப்போன எங்க அத்தைமேலயா அந்த வஞ்சத்தைக் காட்டுறீங்க?”

“வஞ்சமெல்லாம் இல்ல, ட்ரூடி. ஒரு அஞ்சு நிமிஷம் பொறு, நான் சொல்றேன்...”

“ஆறு வருஷம் பொறுத்தாச்சு, ஐயா! இனிமே ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டேன்!”

பின்னாலேயே வந்த வெண்டல் போனைத் தூக்கிப் பிடித்தான். “அக்கா, வெளிச்சம் பிரமாதம். அவரைக் கொஞ்சம் பலகைப் பக்கமா நிக்கச் சொல்லு.”

ட்ரூடி கோணியின் முனையைப் பிடித்து இழுக்கப் போனாள். எமரி அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, சாலையை ஒட்டியிருந்த எமரி வீட்டு வலைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வீட்டு அங்கியும் செருப்புமாக எமரியின் மனைவி நோலா பேப்பர் பெட்டியை நோக்கி நடந்து வந்தாள். பெட்டி இருந்தது பலகைக்குப் பக்கத்திலேயே.

“அட, ட்ரூடிக் கண்ணு! இவ்வளவு காலங்காத்தாலயா? காபி குடிச்சியா?”

“குடிச்சேன், நோலாம்மா,” என்றாள் ட்ரூடி, கோணியை விடாமலே.

“சத்தம் போடாதீங்க, லெஸ்டர் தூங்குறான். எழுந்தான்னா ஓடைக்குப் போகணும்னு ஒரே அடம். என் தம்பிக்கு அப்படி ஒரு மீன் பைத்தியம்!”

சிரித்தபடியே பெட்டிக்குள் கையை விட்டுப் பேப்பரைத் தேடினாள் நோலா.

ட்ரூடிக்குச் சுருக்கென்றது. லெஸ்டர். பலகையில் நாலாவது பெயர். வயது ஏழு. வார்ப்படத்துக்கு அனுப்பும்முன் அந்த வரியைச் சரிபார்த்ததே அவள்தான்.

வெண்டல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“ரெண்டு வருஷமா அவளுக்கு எதுவும் நெனவுல நிக்கிறதில்ல,” எமரி ட்ரூடியின் காதோரம் சொன்னார். “பலகை வந்த அன்னிக்குப் படிச்சிட்டு இங்கயே உக்காந்து கதறிட்டா. மறுநாள் வந்தா, திரும்பவும் படிச்சா. அவளுக்கு அதுதான் முதல் தடவை. அன்னிக்கும் அதே கதறல். பேப்பரை எடுத்துட்டு உள்ள போயிட்டா அப்புறம் அவ வெளிய வரவே மாட்டா. உடனே கோணியைக் கழட்டிடுவேன். உங்க அத்தை அடிச்ச மணியாலதாம்மா நோலாவே பொழச்சா. அவங்க பேரை நான் மறைப்பேனா?”



நோலா பேப்பரும் கையுமாகத் திரும்பினாள். “அது என்ன ட்ரூடி, மூட்டை கட்டி வெச்சிருக்கு?”

போகிற காரையெல்லாம் நிறுத்திப் படிக்க வைத்தவள், கோணியின் முனையைக் கீழே இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“ஒண்ணுமில்ல, நோலாம்மா. பெயின்ட் இன்னும் காயல. லெஸ்டர் வந்து தொட்டான்னா, கையெல்லாம் அப்பிக்கும்!”