இனம் சேராத தட்டு

பரீனா சாய்ந்தமருதுக்கு ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன பகலில், றவூப் அந்தத் தட்டைக் கலைத்தான்.

சீடிக் கடையில் மற்றத் தட்டுகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. சண்டைப் படம், காதல் படம், பேய்ப் படம், சிரிப்புப் படம்.

சுவரோரத் தட்டு மட்டும் எந்த இனத்திலும் சேரவில்லை. அதில் எல்லாமே கலந்து கிடந்தன.

"என்ன காக்கா, பேயையும் மாப்பிள்ளையையும் ஒரே ஊட்டில குடி வெச்சிரிக்கீங்க" என்று வாடகைக்குப் படம் எடுக்க வந்த றிபாத் ஒருநாள் சிரித்தான்.

றவூப் சிரிக்கவில்லை.

கடை, பரீனாவின் சீதன வீட்டு முன்னறை. சம்மாந்துறை வயல்பக்கத்திலிருந்து அவன் மாப்பிள்ளையாக வந்த அதே வாசலால்தான் அவனுக்கு முன் நூஹுவும் மாப்பிள்ளையாக வந்திருந்தான். கடையைத் தொடங்கியவன் நூஹு. சுனாமியன்று கரைக்கு மீன் வாங்கப் போனான். மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தட்டு நூஹுவுடையது என்று றவூப் முடிவுகட்டியிருந்தான். கேட்கவில்லை. நிக்காஹ் நாளிலிருந்து இருவரும் அந்தப் பெயரை எடுத்ததில்லை.

யுத்தம் முடிந்த பிறகு கொழும்பு பஸ்ஸில் கிழமைக்குக் கிழமை புதுப் படம் வந்தது. ஒவ்வொன்றையும் பரீனா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்ப்பாள். சில நாட்களில் கண் சிவந்து வெளியே வருவாள்.

கதவுக்கு வெளியே அவன் உட்கார்ந்திருப்பான். உள்ளே இருவர் இருப்பதுபோல இருக்கும்.

செத்தவனோடு மல்லுக்கட்ட முடியாது. படங்களைப் பிரிக்க முடியும்.

ஒவ்வொன்றையும் அதனதன் இனத்தில் சேர்த்தான். தட்டு வெறுமையானதும் நெஞ்சு லேசானது.

பக்கத்து ஒழுங்கையில் தனியாக இருக்கும் சல்மா உம்மா வந்து வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புதிதாக வந்த ஒரு குடும்பப் படத்தை அவனே எடுத்துக் கொடுத்து அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். சீடியை மேசையில் வைத்தாள்.

"இதில கடல் வருகுது மகன். பரீனா ஒருநாளும் இப்பிடித் தரமாட்டாள். முழுசாப் பாத்து, கடல் வராததைத்தான் கடலுக்கு ஆக்களைக் குடுத்த எங்களுக்கெண்டு அந்தத் தட்டில வைப்பாள்."

அவள் போய்விட்டாள்.

பரீனா கண் சிவந்து வந்த நாட்களில், எந்தப் படமும் அந்தத் தட்டுக்குப் போனதில்லை. அது அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பரீனா வீடு திரும்பியபோது, கடையில் ஆள் இல்லை.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது; உள்ளே ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.